சின்ன வக்கீல் ஆபீஸ் வளர என்ன வேண்டும்?

மாவட்டத் தலைநகர் ஒன்றில் கோர்ட்டுக்கு எதிர்த்தெரு. கீழே ஜெராக்ஸ் கடை, மாடியில் வக்கீல் ஆபீஸ். ஒரு சீனியர், இரண்டு ஜூனியர்கள், ஒரு குமாஸ்தா, இரும்பு ரேக்குகளில் முந்நூறு கேஸ் கட்டுகள். காலை எட்டு மணிக்கே கட்சிக்காரர்கள் வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறார்கள். இரவு பத்து மணிக்கும் சீனியர் டைப்பிஸ்டுக்குப் பிராது, அதாவது வழக்கு மனு, சொல்லிக்கொண்டிருக்கிறார். பார்க்கிறவர்களுக்கு ஓஹோவென்று நடக்கிற ஆபீஸ். ஆனால் மாசக் கடைசியில் ஜூனியர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டுமென்றால், அந்த வாரம் யாராவது புதுக் கேஸ் கொண்டுவந்தாக வேண்டும்.

இப்படிப்பட்ட ஆபீஸ்கள் ஊருக்கு ஊர் உண்டு. வேலைக்குப் பஞ்சமில்லை. கேஸ் பெருகியிருக்கிறது, ஆபீஸ் வளரவில்லை, அவ்வளவுதான். யாரிடம் எவ்வளவு ஃபீஸ் பாக்கி, எந்தக் கேஸில் எந்தத் தேதிக்குள் என்ன தாக்கலாக வேண்டும், எந்தக் கட்சிக்காரரிடம் என்ன சொல்லிவைத்திருக்கிறோம் என்பதெல்லாம் சீனியரின் மண்டைக்குள் மட்டும் இருக்கிறது. அவர் ஒரு வாரம் படுத்துவிட்டால் ஆபீஸும் படுத்துவிடும். நிர்வாகம் என்று பெரிய வார்த்தையில் சொல்வதெல்லாம், அந்த மண்டைக்குள் இருப்பதை மற்றவர்களும் எடுத்துப் பார்க்கிற இடத்துக்குக் கொண்டுவருகிற வேலைதான். சட்டக் கல்லூரியில் தொழில்நெறியோடு சேர்த்துக் கணக்கு முறைக்கும் ஒரு பாடம் உண்டு. பரீட்சை முடிந்த மறுநாள் அதை யாரும் நினைப்பதில்லை.

புதிதாகத் தனி ஆபீஸ் போடுகிறவர்களும், போட்டு நாலைந்து வருஷமாகி மூச்சுத் திணறுகிறவர்களும் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது பண விஷயம். அதனால் அங்கிருந்தே தொடங்கலாம்.

கட்டு ஏற ஏறக் கடன் ஏறுகிறது

ஒரு சாதாரண உரிமையியல் வழக்கை எடுத்துக்கொள்வோம். வேலித் தகராறு, இடம் தன்னுடையது என்ற அறிவிப்பும் (விளம்புகை), எதிராளி தலையிடக் கூடாது என்ற நிரந்தரத் தடையும் (உறுத்துக்கட்டளை) கேட்டு வழக்குப் போட வேண்டும். சீனியர் 40,000 ரூபாய் ஃபீஸ் சொல்கிறார். கட்சிக்காரர் பாதியைக் கொடுத்துவிட்டு, “மீதியைப் பார்த்துக்கலாம் சார்” என்கிறார். பிராது தாக்கலாகி நம்பர் ஆகிறது. சம்மன் சார்வாகி, எதிராளியின் பதிலான எதிருரை வந்து, கோர்ட் தீர்க்க வேண்டிய கேள்விகளான எழுவினா வனைந்து, சாட்சி விசாரணைக்கு வருவதற்குள் மூன்று வருஷம் ஓடிவிடுகிறது. தீர்ப்பு வரும்போது ஐந்து வருஷம், அறுபது வாய்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதிப் பணம் முழுக்க வந்தால்கூட ஒரு வாய்தாவுக்கு 667 ரூபாய்தான் கிடைத்திருக்கிறது. வராவிட்டால் அதில் பாதி.

இப்போது செலவுப் பக்கம். வாடகை 12,000, குமாஸ்தாவுக்கு 15,000, ஒரு ஜூனியருக்கு 15,000, டைப்பிங்கும் ஜெராக்ஸும் 5,000, கரன்ட், இன்டர்நெட் 3,000 என்று போட்டாலே மாசம் 50,000 ஆகிறது. கோர்ட் நடக்கும் நாள் 22 என்றால், சீனியர் தன் வீட்டுக்கு ஒரு ரூபாய் எடுப்பதற்கு முன்பே தினமும் 2,270 ரூபாய் போய்விடுகிறது. இது கற்பனைக் கணக்குதான். ஊருக்கு ஊர் தொகை மாறும். ஆனால் இந்தக் கணக்கைத் தன் ஆபீஸுக்குப் போட்டுப் பார்த்த வக்கீல்கள் மிகக் குறைவு என்றே நினைக்கிறேன்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். முதல் வருஷம் வாங்கிய ஃபீஸ் முதல் வருஷமே செலவாகிவிட்டது. அந்தக் கேஸுக்கான உண்மையான உழைப்பு, அதாவது பிரமாண வாக்குமூலம், குறுக்கு விசாரணை, வாதம் எல்லாம் நாலாவது, ஐந்தாவது வருஷத்தில் வருகிறது. அப்போது ஆகும் செலவுக்குப் புதுக் கேஸின் பணம் வேண்டும். அந்தப் புதுக் கேஸும் நாலு வருஷம் கழித்து இதே இடத்துக்குத்தான் வரும். ஆக ரேக்கில் இருக்கும் ஒவ்வொரு பழைய கட்டும், கூலியை முன்பே வாங்கிச் செலவழித்துவிட்டு இன்னும் செய்து முடிக்காத வேலை. முந்நூறு கட்டு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வது பாதி நேரம் முந்நூறு கடன்தான்.

இதற்கு மருந்து, ஃபீஸை வழக்கின் கட்டங்களோடு கட்டிப்போடுவது. நோட்டீசுக்கு இவ்வளவு, பிராது தாக்கலுக்கு இவ்வளவு, இடைக்கால மனு போட்டால் இவ்வளவு, சாட்சி விசாரணை தொடங்கும்போது இவ்வளவு, வாதத்துக்கு முன்னால் இவ்வளவு. அப்பீல் தனி. தீர்ப்பை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனுவும் தனி என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பணத்துக்கான வழக்கில் டிகிரி ஆன அன்றே “பணம் எப்போ சார் வரும்?” என்று கேட்காத கட்சிக்காரர் இல்லை. இ.பி. என்கிற அந்த நிறைவேற்று மனு இன்னொரு கேஸ் அளவுக்கு இழுக்கும் என்று அன்று சொன்னால் ஏமாற்றுவதாகத்தான் நினைப்பார். முதல் நாள் சொன்னால் நேர்மை என்பார். சொல்லும் விஷயம் ஒன்றேதான்.

பேசியதை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்வது நல்லது. “நம்ம ஊர்ல கையெழுத்துக் கேட்டா கட்சிக்காரர் ஓடிடுவார்” என்பது அடிக்கடி காதில் விழும் பதில். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஜவுளிக்கடையில் பில் கேட்டு வாங்குகிறவர், வக்கீல் ஆபீஸில் பில் கொடுத்தால் ஓடமாட்டார்.

இந்திய பார் கவுன்சில் விதிகள் இங்கே இரண்டு கோடுகளைப் போட்டிருக்கின்றன. வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசக் கூடாது; கிடைக்கும் தொகையில் பங்கும் கேட்கக் கூடாது. விபத்து இழப்பீட்டு வழக்குகளில் “வர்றதுல இவ்வளவு பெர்சன்ட்” என்று சர்வசாதாரணமாகப் பேசுவது இதனால் விதிமீறல்தான். இன்னொரு கோடும் உண்டு: வழக்கறிஞர் அல்லாத ஒருவருடன் ஃபீஸைப் பங்கு போடவே கூடாது. இவை போக, ஃபீஸ் பாக்கி என்று சொல்லிக் கட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளவும் முடியாது. ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தீர்த்துவிட்டது. கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பாக்கிக்குத் தனியாக வழி பார்க்க வேண்டியதுதான். ஆக ஃபீஸ் பேசுவதற்கு, வழக்கை நடத்த அதிகாரம் தரும் வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் நாளைவிட நல்ல நாள் பிறகு வரப்போவதில்லை.

அடுத்தவர் பணம்

பத்து லட்ச ரூபாய் வசூலுக்கு வழக்கு. தமிழ்நாட்டில் 2017 திருத்தத்துக்குப் பிறகு நீதிமன்றக் கட்டணம் 3 சதவீதம், அதாவது 30,000 ரூபாய். கட்சிக்காரர் 50,000 ரூபாயை ஒரே கட்டாகக் கொடுத்துவிட்டுப் போகிறார். அதில் எவ்வளவு ஃபீஸ், எவ்வளவு கோர்ட் செலவு என்று யாரும் எழுதவில்லை. சீனியர் வீட்டில் அன்று மாலை பள்ளிக்கூடக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கிறது. கவனித்துக்கொள்ளுங்கள், இங்கே யாரும் திருடர் இல்லை. “அடுத்த வாரம் ஸ்டாம்ப் வாங்கிக்கலாம்” என்ற நினைப்புதான். அந்த வாரம் காலாவதிக் கெடு முடிகிற வாரமாக இருந்தால்?

பார் கவுன்சில் விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. கட்சிக்காரர் பணத்துக்குக் கணக்கு வைக்க வேண்டும். வந்த பணம் ஃபீஸா, செலவுக்கா என்று குறிக்க வேண்டும். செலவுக்கு வந்ததை, அவர் எழுதிக் கொடுக்காமல் ஃபீஸாக மாற்றிக்கொள்ளக் கூடாது. நடைமுறையில் இதற்கு வேண்டியது இரண்டு வங்கிக் கணக்கு. ஒன்றில் ஆபீஸ் வருமானம், மற்றதில் கோர்ட் கட்டணம், சம்மன் அனுப்பக் கட்டும் பேட்டா, சமரசத்தில் எதிர்த்தரப்பு கொடுத்த தொகை போன்ற அடுத்தவர் பணம். இரண்டாவதில் கை வைக்கும் வழக்கமே ஆபீஸில் இருக்கக் கூடாது. ஒழுங்கு நடவடிக்கையில் சிக்கிய வக்கீல்கள் பலர் இந்த இடத்தில்தான் வழுக்கியிருக்கிறார்கள்.

வாய்தாவும் கெடுவும்

எல்லா வக்கீல் ஆபீஸிலும் டைரி உண்டு. அதில் இருப்பது வாய்தாத் தேதி. கோர்ட் கொடுத்த தேதி அது. மறந்தாலும் இ-கோர்ட்ஸ் ஆப்பில் ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் வந்துவிடும். ஆனால் சட்டம் கொடுத்த கெடு எந்த ஆப்பிலும் வராது. அதை யாராவது ஒருவர் கணக்குப் போட்டு எழுதியாக வேண்டும். ஆபீஸைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைத் தேதிதான்.

செக் கேஸைப் பாருங்கள். ஜூனியர்கள் கையில் முதலில் வருவது அதுதான். செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து ஜூன் 3 அன்று கட்சிக்காரருக்குக் கிடைக்கிறது. அங்கிருந்து 30 நாளுக்குள், அதாவது ஜூலை 3-க்குள், நோட்டீஸ் போயாக வேண்டும். நோட்டீஸ் ஜூலை 10 அன்று எதிராளி கைக்குப் போகிறது. பணம் கட்ட அவருக்கு 15 நாள். ஜூலை 25 வரை. கட்டவில்லை என்றால் அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கலாக வேண்டும். புகார் தாமதமானால் தக்க காரணம் காட்டி மன்னிப்புக் கேட்க மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 142-ஆவது பிரிவில் இடமிருக்கிறது. நோட்டீஸ் தாமதமானால் அப்படி ஒரு கதவு இல்லை. செக்கின் மூன்று மாத ஆயுள் மிச்சமிருந்தால் மறுபடி வங்கியில் போட்டுப் பிழைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டியது, இந்தக் கெடுக்கள் வெவ்வேறு காகிதத்திலிருந்து பிறக்கின்றன: முதலாவது வங்கி மெமோவிலிருந்து, மற்ற இரண்டும் தபால் ஒப்புகை அட்டையிலிருந்து. ஒப்புகை அட்டை ஆபீஸுக்கு வந்த அன்று குமாஸ்தா அதைக் கட்டுக்குள் செருகிவிட்டு நூல் கட்டிவிட்டால், மூன்றாவது தேதி டைரிக்கு வரவே வராது. அதனால் ஆபீஸில் ஒரு வழக்கம் வேண்டும். கெடுவை உண்டாக்கும் காகிதம் எது வந்தாலும், தேதியை எழுதாமல் கட்டுக்குள் போகக் கூடாது. எழுதுபவர் ஒருவர், சரிபார்த்து இனிஷியல் போடுபவர் இன்னொருவர். கடைசி நாளை மட்டும் எழுதாமல், அதற்குப் பத்து நாள் முன்பாக இன்னொரு தேதியையும் எழுத வேண்டும். கடைசி நாளை மட்டும் எழுதினால், கையெழுத்துப் போட வேண்டிய கட்சிக்காரர் வெளியூரில் இருப்பது அன்று காலைதான் தெரியவரும்.

மற்ற கெடுக்களையும் ஒரு அட்டையில் அடித்துச் சுவரில் ஒட்டிவைத்துவிடலாம். எதிருரைக்கு 30 நாள், கோர்ட் அனுமதித்தால் 90. வணிக வழக்கென்றால் 120 நாளுக்குப் பிறகு உரிமையே போய்விடும். எதிராளி வராமலே ஆன எக்ஸ்பார்ட்டி டிகிரியை நீக்க 30 நாள். டிகிரி மீது மாவட்ட அளவில் அப்பீல் என்றால் 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90. தீர்ப்பு நகல் வாங்க ஆன காலம் கழியும். கழியும் என்பதாலேயே நகல் மனுவை எந்தத் தேதியில் போட்டோம் என்பதும் எழுதப்பட வேண்டிய தேதியாகிறது. தீர்ப்பு வந்த அன்றே நகல் மனுப் போடுவதைப் பழக்கமாக்கிவிட்டால் பாதித் தலைவலி இல்லை.

சாஃப்ட்வேர் வாங்க வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வாங்கலாம். நூறு கேஸ் வரை எல்லோருடைய போனிலும் தெரிகிற ஒரு பொதுக் காலண்டரும் கணினியில் ஒரு அட்டவணையும் போதும் என்பது என் அபிப்பிராயம். எழுதும் பழக்கம் இல்லாத ஆபீஸுக்கு எந்த சாஃப்ட்வேரும் உதவாது.

எந்தக் கேஸை வேண்டாம் என்பது

புது ஆபீஸ் வருகிற எல்லாவற்றையும் எடுக்கும். வேறு வழியில்லை. ஆனால் மூன்றாவது வருஷத்திலாவது, எந்த வகை வேலை தனக்குச் சோறு போடுகிறது என்று பார்த்தாக வேண்டும். போன வருஷம் வந்த பணத்தை வகை வகையாகப் பிரித்து எழுதினால் ஆச்சரியமாக இருக்கும். அதிகம் கத்திப் பேச வைத்த குடும்ப வழக்கு குறைவாகக் கொடுத்திருக்கும். சத்தமில்லாமல் வந்துபோன லீகல் ஒப்பீனியன் வாடகையைக் கட்டியிருக்கும்.

திருப்பூரில் ஆபீஸ் போட்டிருக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஊரெங்கும் நிட்டிங், டையிங், பிரின்டிங் என்று ஜாப் ஒர்க் செய்யும் சின்ன யூனிட்கள். அவர்களுடைய தீராத தொல்லை, செய்த வேலைக்குப் பணம் வராதது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல் மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. அந்தச் சட்டப்படி அமைந்த வசதியாக்கக் கவுன்சிலில் (Facilitation Council) மனுப் போடலாம். இன்னொரு பக்கம், 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாத வணிகத் தகராறு கோர்ட்டுக்குப் போனால் வணிக நீதிமன்றச் சட்டத்துக்குள் வரும்; அவசர நிவாரணம் கேட்காதபோது முன்சமரசத்துக்குப் போகாமல் வழக்கே போட முடியாது. இந்த இரண்டு வழியையும் கரைத்துக் குடித்து, பில், டெலிவரி சலான், உத்யம் என்கிற சிறுதொழில் பதிவுச் சான்று என்று முதல் நாளே வாங்க வேண்டிய காகிதங்களுக்கு ஒரு பட்டியலும், மனுவுக்கு ஒரு மாதிரியும் வைத்திருக்கும் ஆபீஸில், பத்தாவது கேஸுக்கு முதல் கேஸுக்கு ஆன நேரத்தில் பாதிகூட ஆகாது. ஜூனியரே பெரும்பகுதியைச் செய்வார். ஒரு துறையில் ஆழமாக இறங்குவதால் வரும் லாபம் இதுதான். புகழ் அதற்குப் பிறகு வருவது.

ஒரே இடத்திலிருந்து பாதி வருமானம் வந்தாலும் ஆபத்துதான். ஒரு வங்கியின் பேனல், அதாவது வக்கீல் பட்டியல், மூலம் வரும் வேலையை நம்பி இரண்டு ஜூனியர்களை வைத்துக்கொண்டு, பேனல் புதுப்பிக்கப்படாத வருஷம் திண்டாடுகிறவர்கள் உண்டு.

வேண்டாம் என்று சொல்லியே தீர வேண்டிய கேஸும் இருக்கிறது. ஒரு விவகாரத்தில் ஒருவருக்கு ஆலோசனை சொல்லியோ, பத்திரம் எழுதிக்கொடுத்தோ இருந்தால், அதே விவகாரத்தில் எதிர்த்தரப்புக்கு ஆஜராகக் கூடாது. சின்ன ஊரில் இது தினசரிச் சங்கடம். அண்ணன் பாகப்பிரிவினைக்கு வருகிறார்; பத்து வருஷம் முன்பு அவர்களுடைய அப்பா உயில் எழுதியது இதே ஆபீஸில். சீனியருக்கு ஞாபகமில்லை, அப்போதைய குமாஸ்தா வேலையில் இல்லை. கட்சிக்காரர், எதிராளி, சொத்து இருக்கும் கிராமம், சர்வே எண் என்று ஒரு பெயர்ப் பதிவேடு இருந்தால் இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும். வக்காலத்து வாங்குவதற்கு முன் அந்த இரண்டு நிமிஷத்தைச் செலவழிப்பது ஆபீஸ் விதியாக இருக்க வேண்டும்.

விளம்பரம்? நம் நாட்டில் வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்யவோ ஆள் பிடிக்கவோ கூடாது, பார் கவுன்சிலின் 36-ஆவது விதி. 2008-இல் வந்த தளர்வின்படி இணையதளம் வைத்துக்கொள்ளலாம். அதிலும் பெயர், முகவரி, பதிவு விவரம், படிப்பு, எந்தத் துறையில் தொழில் என்ற அளவோடு நிறுத்த வேண்டும். ஆன்லைன் தளங்களில் மதிப்பெண் போட்டு வக்கீலை விற்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் கடுமையாகக் கண்டித்து, நடவடிக்கை எடுக்கச் சொன்னது. கமிஷன் கொடுத்துத் தரகர் மூலம் கேஸ் வாங்கினால் ஃபீஸில் பங்கு கொடுத்ததாகும். தரகர்களைப் பட்டியல் போட்டுக் கோர்ட் வளாகத்திலிருந்து விலக்க 2023 திருத்தம் வழி செய்திருக்கிறது. மிச்சமிருப்பது, செய்த வேலையைப் பார்த்துத் தானாக வருகிற கேஸ். ஆடிட்டர்கள், பத்திர எழுத்தர்கள், வெளியூர் வக்கீல்கள் எல்லோரும் ஒரு ஆபீஸைப் பற்றிச் சொல்வது “போன் எடுப்பாங்க, சொன்ன தேதிக்குச் செய்வாங்க” என்பதாக இருந்தால் அதுவே போதும்.

வாய்தா வாங்க ஒரு ஆள், வக்கீலாக ஒரு ஆள்

ஜூனியர்களுக்குப் பணம் கொடுப்பது சீனியரின் பெருந்தன்மை என்ற காலம் போய்விட்டது. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற மாவட்டங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாகக் கொடுக்கும்படி சுற்றறிக்கை விடத் தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. எத்தனை ஆபீஸில் கொடுக்கிறார்கள் என்பது ஊரறிந்த விஷயம். கொடுக்க முடியவில்லை என்கிற சீனியர், மேலே சொன்ன ஃபீஸ் கணக்கைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

பணத்துக்கு அடுத்து, வேலை. மூன்று வருஷம் “சீனியர் வேற கோர்ட்ல இருக்கார், ஐயா” என்று வாய்தா மட்டும் வாங்கிய ஜூனியர் நாலாவது வருஷம் தனியாகப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. படிப்படியாகப் பொறுப்பு கொடுத்தால் நிற்பார். முதல் ஆறு மாசம் நோட்டீஸும் நகல் மனுவும். பிறகு இடைக்கால மனுவும் அதற்கான வாதமும். பிறகு சம்பிரதாயச் சாட்சியின் குறுக்கு விசாரணை. அதன் பிறகு ஒரு சின்ன வழக்கு முழுசாக. அவர் எழுதிய பிராதைச் சீனியர் தானே திருத்தி எழுதிவிட்டால் சீக்கிரம் முடியும். ஆனால் சிவப்பு மையால் ஓரத்தில் காரணம் எழுதித் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்த பிராது சரியாக வரும். முதல் ஆறு மாசம் இது சீனியரின் நேரத்தைத் தின்னும். அதற்குப் பிறகுதான் நேரம் திரும்பக் கிடைக்கும். பெரும்பாலோர் அந்த ஆறு மாசத்தைப் பொறுக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

குமாஸ்தாவைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. எந்த செக்‌ஷனில் எந்தக் காகிதம் நிற்கிறது, ரிட்டர்ன் ஆன மனுவை எத்தனை நாளுக்குள் மறுபடி போட வேண்டும், கோர்ட் உத்தரவை நிறைவேற்றும் எந்த அமீனாவிடம் வாரன்ட் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஆபீஸில் இரண்டாவது பெரிய மண்டை அவருடையது. அவர் செய்கிற ஒவ்வொரு வேலையையும் அவர் வாயால் சொல்லக் கேட்டு ஒரு ஜூனியர் ஒரு நோட்டில் எழுதிவைத்தால், புதிதாகச் சேருகிறவர்களுக்கு அதுவே பாடப்புத்தகம். இன்னொன்றும் அவருக்குச் சொல்லித்தர வேண்டும். கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்ன ரகசியத்தைக் காக்கும் கடமை, 2023-ஆம் ஆண்டின் புதிய சாட்சியச் சட்டத்தின் 132-ஆவது பிரிவுப்படி வக்கீலின் குமாஸ்தாவையும் ஊழியரையும் சேர்த்தே கட்டுப்படுத்துகிறது. டீக்கடையில் கேஸ் கதை பேசக் கூடாது என்று வெறுமனே அதட்டுவதைவிட இதைக் காட்டுவது நன்றாக வேலை செய்யும்.

கட்சிக்காரர்கள் ஆபீஸ் மாறுவதற்குத் தோல்வியைவிட, ஒன்றும் தெரியாமல் இருப்பதே காரணமாக இருக்கிறது. வாய்தா நடந்த அன்று சாயங்காலமே வாட்ஸ்அப்பில் மூன்று வரி போதும்: இன்று என்ன நடந்தது, அடுத்த தேதி எது, அதற்குள் நீங்கள் என்ன கொண்டுவர வேண்டும். இதை ஜூனியரே அனுப்பலாம். சீனியருக்கு வரும் போன்கள் குறைந்துவிடும். வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். பார் கவுன்சில் புகார் என்கிற கதவு திறந்தேதான் இருக்கிறது.

கூட்டாளி வரும்போது

ஒரு கட்டத்தில் நல்ல ஜூனியரைக் கூட்டாளியாக்க வேண்டிவரும். வாய்ப்பேச்சில் சேர்ந்து மனக்கசப்பில் பிரிந்த ஆபீஸ்கள் பார் அசோசியேஷனில் விசாரித்தால் வரிசையாகக் கிடைக்கும். 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி ஒரு பத்திரம் எழுதிக்கொள்வதே போதும். அதில் லாப விகிதத்தை எல்லோரும் எழுதுவார்கள். எழுதாமல் விடுவது இவை: கேஸ் கொண்டுவந்தவருக்கு எவ்வளவு, நடத்தியவருக்கு எவ்வளவு, சேருவதற்கு முன்பு வந்த பழைய கேஸ்களின் பாக்கி ஃபீஸ் யாருக்கு, பிரிந்தால் எந்தக் கட்டு யாரோடு போகும். கடைசிக் கேள்விக்கு விடை கட்சிக்காரரின் விருப்பம்தான் என்பதால், அவருக்கு இருவரும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதுவதாகப் பத்திரத்திலேயே போட்டுவிடலாம்.

வரி பற்றிச் சுருக்கமாக. 1961 வருமான வரிச் சட்டத்தில் 44ஏடிஏ என்று வழங்கிய அனுமான வரி முறையில், 50 லட்சம் வரை வரவுள்ள வக்கீல் வரவில் பாதியை வருமானமாகக் காட்டிவிட்டுக் கணக்குப் புத்தகச் சிரமத்தைக் குறைத்துக்கொள்ளலாம். ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் வரம்பு 75 லட்சம். தனிநபருக்கும் சாதாரணக் கூட்டாண்மைக்கும் இது உண்டு, வரம்புக்குட்பட்ட பொறுப்புள்ள கூட்டாண்மையான எல்.எல்.பி.க்குக் கிடையாது. எந்த வடிவம் என்று முடிவெடுப்பதற்கு முன் ஆடிட்டரிடம் ஒரு அரைமணி நேரம் உட்காருங்கள்.

எந்த வடிவமாக இருந்தாலும், வக்காலத்து நிறுவனத்தின் பெயரில் இருப்பதில்லை, ஆட்களின் பெயரில்தான் இருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 3, விதி 4-இன்படி வக்கீல் இறந்தால் அவருக்குக் கொடுத்த வக்காலத்தும் முடிந்துபோகிறது. சீனியர் பெயர் மட்டும் இருந்தால், அவருக்கு ஒன்று ஆகிவிட்ட மறுநாள் முந்நூறு கட்சிக்காரர்களையும் தேடிப் புது வக்காலத்து வாங்க வேண்டியிருக்கும். அவர்களில் பாதிப் பேரின் போன் எண் மாறியிருக்கும். அதனால் இனி வாங்கும் ஒவ்வொரு வக்காலத்திலும் ஆபீஸில் உள்ள வழக்கறிஞர்கள் எல்லோருடைய பெயரும் கையெழுத்தும் இருக்கட்டும். பழைய கேஸ்களுக்கு, கட்சிக்காரர் அடுத்த வாய்தாவுக்கு வரும்போது கூடுதல் வக்காலத்து ஒன்றில் கையெழுத்து வாங்கிவிடலாம். அப்படியே போன் எண்ணையும் சரிபார்த்து, எந்தக் கட்டம் வரை ஃபீஸ் வந்திருக்கிறது என்று கட்டின் முதல் பக்கத்தில் குறித்துக்கொள்ளலாம்.